தை முதல் சித்திரை வரை: ஒரே பாதையில் நடந்து பருவம் மாறுவதைப் பார்க்கும் வழி

தை மாதக் காலையில், வெட்டவெளியில் நிறுத்திய பைக்கின் சீட் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்ற பைக்கின் சீட் காய்ந்திருக்கும். பங்குனிக் கடைசியில் இரண்டுமே காய்ந்து கிடக்கும். மரத்தடி வண்டியின் மேல் மட்டும் வேப்பம்பூ கொட்டியிருக்கும். இந்த இரண்டு காலைகளுக்கும் நடுவில் இரண்டரை மாதம் இருக்கிறது. அந்த இரண்டரை மாதத்தில் தெருவில் என்னென்ன நடக்கிறது, அதை எப்படிப் பிடிப்பது என்பதுதான் இந்தக் கையேடு.

பழைய கணக்குப்படி மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். மரங்களும் பறவைகளும் இந்த எல்லைக்குக் காத்திருப்பதில்லை. சமவெளியில் மாசி பாதியிலேயே அரசமரம் தளிர்விடத் தொடங்கிவிடும், குயில் வாய் திறந்துவிடும். ஒரு நாள் பார்த்தால் இது எதுவும் தெரியாது. அதே இடத்தை அடுத்த வாரமும் பார்த்தால்தான் தெரியும்.

இங்கே கொடுத்திருக்கும் நேரமும் அளவும் சென்னைக்கு உரியவை. மற்ற ஊர்க்காரர்கள் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தோடு திருச்சிக்கு 6 நிமிடம், மதுரைக்கு 9 நிமிடம், கோவைக்கு 13 நிமிடம் கூட்டிக்கொண்டால் போதும். மேற்கே போகப் போக எல்லாம் தாமதமாகும்.

பாதை

ஒன்றரை கிலோமீட்டர் போதும். வழக்கமான நடையில் 20 நிமிடத்தில் முடியும் தூரத்தை 45 நிமிடத்தில் நடக்க வேண்டும். உடற்பயிற்சி நடையையும் இதையும் ஒன்றாக்கினால் இரண்டும் கெடும். வேகமாக நடப்பவருக்குத் தன் மூச்சுச் சத்தம்தான் கேட்கும்.

பாதையில் ஐந்து இடங்கள் வேண்டும்: கிழக்குத் திசை மறைவில்லாமல் தெரிகிற ஓர் இடம் (ஏரிக்கரை, கடற்கரை, பள்ளி மைதானம், இல்லாவிட்டால் உங்கள் வீட்டு மொட்டைமாடி), தண்ணீர் நிற்கும் ஒரு குளமோ ஏரியோ, நன்கு வளர்ந்த ஆறு மரங்கள், திறந்த வெளியின் மேல் போகும் மின்கம்பி, கொஞ்சம் புல். இவற்றில் ஒன்றிரண்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாதையை மட்டும் நடுவில் மாற்றாதீர்கள். அழகான வேறு தெரு கண்ணில் பட்டால் அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் மூன்று நடை, அதில் இரண்டு காலையிலும் ஒன்று மாலையிலும் இருக்கட்டும்.

காலை நடையைக் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் பிழை. ஜனவரிக் கடைசியில் காலை 6 மணிக்குச் சென்னையில் இருட்டு. ஏப்ரல் பாதியில் அதே 6 மணிக்குச் சூரியன் எழுந்துவிட்டிருக்கும். பறவைகள் சூரியனைப் பார்த்துப் பேசுகின்றன. கடிகாரப்படி போனால் பருவம் மாறியதால் சத்தம் கூடியதா, நீங்கள் வேறு நேரத்தில் போனதால் கூடியதா என்று சொல்லவே முடியாது. எனவே சூரிய உதயத்துக்கு 20 நிமிடம் முன்னால் வாசலைத் தாண்டுங்கள். நம் அகலாங்கில் விடியலின் வெளிச்சம் உதயத்துக்குச் சுமார் 22 நிமிடம் முன்புதான் தெருவில் முகம் தெரியும் அளவுக்கு வரும். உதய நேரம் நாள்காட்டித் தாளிலேயே இருக்கிறது. அது உங்கள் ஊருக்குப் போட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒளி: முதலில் மாலை நீளும், பிறகு காலை

டிசம்பர் 21, 22 தேதிகளில் பகல் மிகக் குறுகியது. சென்னையில் அது 11 மணி 23 நிமிடம். அதன் பிறகு பகல் நீளத் தொடங்குகிறது, ஆனால் விடியல் முந்துவதில்லை. டிசம்பர் 22 அன்று 6.26க்கு எழும் சூரியன், ஜனவரி நாலாம் வாரத்தில் 6.36க்கு எழும். பொங்கல் முடிந்த பிறகும் பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குக் கிளம்புவது போலத் தோன்றுவது வெறும் தோற்றமில்லை. அந்த நாட்களில் கூடும் வெளிச்சம் எல்லாம் மாலைக்கே போகிறது. டிசம்பர் 22இல் 5.49க்கு மறைந்த சூரியன் பிப்ரவரி 1இல் 6.10க்கு மறைகிறது.

காரணம் உச்சிப்பொழுதில் இருக்கிறது. பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வருவதால் வேகமாக நகர்கிறது. அச்சின் சாய்வும் சேர்ந்துகொள்ள, சூரியன் உச்சிக்கு வரும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகிறது. டிசம்பர் 22இல் பகல் 12.07, பிப்ரவரி நடுவில் 12.23. நடுப்பொழுதே பின்னுக்கு நகரும்போது விடியலும் அஸ்தமனமும் அதனுடன் இழுபடுகின்றன.

பிப்ரவரி நடுவுக்குப் பிறகு இது தலைகீழாகும். உச்சிப்பொழுது திரும்பி முன்னுக்கு வரத் தொடங்கும். மாலை ஏறக்குறைய நின்றுவிடும்: பிப்ரவரி 15இல் 6.15, மார்ச் 20இல் 6.20, ஏப்ரல் 14இல் 6.21. காலையோ 6.32, 6.13, 5.57 என்று ஓடிவரும். மாசிக்குப் பிறகு பருவம் மாறுவதைப் பார்க்க விரும்புகிறவர் காலையில் எழுந்தே தீர வேண்டும். மாலை நடை மட்டும் போகிறவருக்கு ஒளியில் நடக்கும் மாற்றத்தில் பெரும்பகுதி கண்ணில் படாது.

சூரியன் எழும் இடத்தைக் குறிப்பது எளிது. மாடியில் ஓரிடத்தில் சாக்பீஸால் கால் வைக்கும் தடம் போடுங்கள். அதில் நின்று, கிழக்கே எந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு, எந்தத் தென்னைக்கு, எந்தச் செல்பேசிக் கோபுரத்துக்கு அருகில் சூரியன் எழுகிறது என்று படம் வரைந்துகொள்ளுங்கள். கையை முழுக்க நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. பொங்கலன்று சூரியன் நேர்கிழக்கிலிருந்து இரண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெற்கே எழும். மார்ச் 20, 21 தேதிகளில் நேர்கிழக்குக்கு வந்துவிடும். பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும் இந்த நகர்வு வேகமாகும். ஒரு நாளைக்குச் சுமார் 0.4 பாகை, அதாவது சூரியத் தட்டின் அகலத்துக்குச் சற்றே குறைவு. பத்து நாள் விட்டுப் பார்த்தால் நீட்டிய கையில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வடக்கே போயிருக்கும். டிசம்பர்க் கடைசியில் பத்து நாள் பார்த்தாலும் நகர்வு தெரியாது. அந்த நேரத்தில் தொடங்குகிறவர்கள் ஒன்றும் நடக்கவில்லை என்று சலித்து விட்டுவிடுகிறார்கள். பிப்ரவரியில் தொடங்குவதே நல்லது.

சிவப்பாக அடிவானத்தைத் தொடும்போது பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கண் கூசத் தொடங்கிய பிறகு பார்க்கக் கூடாது. பைனாகுலரைச் சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது. கைப்பேசியின் திசைகாட்டியை நம்பித் திசை குறிக்கவும் வேண்டாம். இரும்புக் கைப்பிடிச்சுவர், கம்பி கட்டிய கான்கிரீட், நிறுத்திய வண்டி எல்லாம் அதைத் திருப்பிவிடும். மார்ச் 20ஐ ஒட்டிய காலையில் கிழக்கு மேற்காக ஓடும் சன்னிதித் தெருவில் நின்றால் எந்தக் கருவியும் தேவையில்லை. தெருவின் நடுக்கோட்டில் சூரியன் எழுந்தால் அந்தத் தெரு நேர்கிழக்கு. விலகி எழுந்தால் தெரு விலகியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இதைப் பெரும்பாலோர் முதுகுக்குப் பின்னால் விட்டுவிடுகிறார்கள். உதயத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன் மேற்கே திரும்புங்கள். அடிவானத்தை ஒட்டி நீலமும் சாம்பலும் கலந்த ஒரு பட்டை, அதன் மேல் ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை தெரியும். கீழே இருப்பது பூமியின் நிழல். சூரியன் ஏற ஏற அது அடிவானத்துக்குள் இறங்கிவிடும். மாலையில் இது கிழக்கே எழும். மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ சூரியன் மறைந்த பிறகு கடலின் மேல் பார்த்தால் நன்றாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழை காற்றைக் கழுவிவிட்டுப் போன ஜனவரியில் கோடு தெளிவாக இருக்கும். மார்ச்சில் தூசும் ஈரப்புகையும் கூடி மங்கும். எந்த வாரம் மங்கியது என்பதே ஒரு நல்ல குறிப்பு.

பனி

பைக் சீட் கதைக்கு வருவோம். பனி மேலிருந்து கொட்டுவதில்லை. மேகமற்ற இரவில் தரையும் இலையும் தகரமும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்கின்றன. அவற்றைத் தொடும் காற்றின் ஈரம் அங்கேயே துளியாகிறது. மரத்தடியில் நிற்கும் வண்டிக்கு மேலே இலைக்கூரை இருப்பதால் அதன் சூடு வானத்துக்குப் போகாது, அதனால் துளி இறங்காது. மேகம் மூடிய இரவிலும் காற்று வீசும் இரவிலும் பனி இல்லாமல் போவதற்கும் இதுவே காரணம்.

புல்லைக் குனிந்து பாருங்கள். இலைப்பரப்பு முழுவதும் பொடிப்பொடியாகப் படிந்திருந்தால் அது பனி. நுனியில் மட்டும் ஒரே ஒரு பெரிய துளி முத்துப் போல நின்றால், அது பெரும்பாலும் செடி இரவில் வேரால் இழுத்து நுனி வழியாகக் கசியவிட்ட நீர். தண்ணீர் பாய்ச்சிய புல்தரையில் பங்குனியிலும் இந்த நுனித்துளி இருக்கும். அதைப் பனி என்று எழுதிவிட்டால் பனி முடிந்த நாளே உங்களுக்குக் கிடைக்காது.

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். மச்சு என்றால் மாடி. இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள், இரண்டு தெர்மக்கோல் துண்டுகள், சமையலறை டிஜிட்டல் தராசு, காய்ந்த பருத்தித் துணி இருந்தால் போதும். இரவு 9 மணிக்கு ஒரு தட்டைத் திறந்த முற்றத்திலும் மற்றதை மொட்டைமாடி நடுவிலும் தெர்மக்கோல் மேல் வையுங்கள். துணியை எடைபோட்டு, விடியுமுன் தட்டைத் துடைத்து மறுபடி எடைபோடுங்கள். வித்தியாசம்தான் அந்த இரவின் பனி. நல்ல பனி இரவில் 25 சென்டிமீட்டர் தட்டில் சில கிராம் கிடைக்கும், 1 கிராம் வரை காட்டும் தராசு போதும். எவர்சில்வர் தட்டு வேண்டாம். பளபளப்பான உலோகம் சூட்டை எளிதில் வெளியே விடாது, துளி குறைவாகவே படியும். தட்டை நேராகத் தளத்தின் மேல் வைத்தாலும் ஒன்றும் கிடைக்காது, பகலில் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் இரவெல்லாம் மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். கைப்பிடிச்சுவர் ஓரமும் ஆகாது.

அளக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஒவ்வொரு நடையிலும் மூன்றையே எழுதினால் போதும்: வெட்டவெளி வண்டி, புல், மரத்தடி. நனைந்ததா, ஈரமா, காய்ந்ததா. ‘சிவராத்திரியோடு பனி சிவசிவா என்று போய்விடும்’ என்கிற வழக்கும் உண்டு. அதற்குப் பிறகும் சில காலை பனி இறங்கும். கடைசிப் பனிக்கும் சிவராத்திரிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்பதை ஆண்டுதோறும் குறித்து வைக்கலாம்.

காவிரிப் பாசனப் பகுதியில் நடப்பவர்களுக்குப் பனி வெறும் காட்சியல்ல. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். அறுவடைக்குப் பின் அந்தத் தரிசுப்பயிர் மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் கொண்டே வளரும். வரப்பில் நடந்தால் வேட்டி முழங்கால் வரை நனையும் காலைகளை அங்குள்ளவர்கள் மகிழ்ச்சியோடுதான் எண்ணுகிறார்கள்.

போகிக் காலையின் புகைமூட்டத்தை உங்கள் பனிக்கணக்கில் சேர்க்காதீர்கள். அசைவில்லாத குளிர்காற்றில் எரித்த குப்பையின் புகை தரையோடு தங்குவதுதான் அது. அதே போன்ற காலைகளில் தொலைதூர ரயிலின் ஹாரன் பக்கத்துத் தெருவில் கேட்பது போலக் கேட்கும். தரையருகே குளிர்ந்த காற்றும் அதன் மேல் சூடான காற்றும் இருந்தால் ஒலி மேலே போகாமல் வளைந்து கீழே திரும்பும். மார்ச்சில் அந்த ரயில் காதில் விழாமல் போகும். கேட்டதா இல்லையா என்று ஒரு சொல் எழுதுங்கள்.

காற்று

ஒரு குச்சியில் ஒரு முழம் பருத்தி நூல் கட்டினால் காற்றுமானி தயார். தையில் வடகிழக்கிலிருந்து வரும் வாடை, மாசி, பங்குனியில் கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் தெற்குக்கும் திரும்புகிறது. தெற்கத்திக் காற்றுக்கு நிலத்தில் தென்றல் என்றும், கடலோரத்தில் சோழகம் என்றும் பெயர். கட்டடங்களுக்கு நடுவே பிடித்த நூல் தெருவின் திசையைத்தான் காட்டும், காற்றின் திசையைக் காட்டாது. மாடியிலோ கடற்கரையிலோ மட்டும் பிடியுங்கள். காற்று திரும்பும்போது சென்னைக் கரையோர நீரோட்டமும் திரும்புகிறது. தையில் தெற்கே மணலை இழுத்துச் சென்ற அலை, மார்ச் வாக்கில் வடக்கே இழுக்கத் தொடங்கும். ஒரு தேங்காய் மட்டையை அலையில் போட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று பத்து நிமிடம் பார்த்தாலே போதும்.

மரங்கள்

ஆறு மரம் என்று சொன்னோம். வேம்பு, புங்கு, அரசு, வாதா (நாட்டு வாதுமை), மா ஆகிய ஐந்தும் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆறாவதாக உங்கள் பக்கத்தில் இருப்பதைச் சேருங்கள்: முள்ளிலவு, கல்யாண முருங்கை, இலுப்பை, பலாசு எதுவானாலும் சரி. பூக்கும் மரங்களை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். இந்தப் பருவத்தின் பெரும் நிகழ்ச்சி இலையில்தான் நடக்கிறது.

ஒரே இடத்தில் நின்று மரத்தின் தலையை மனதுக்குள் நான்காகப் பிரியுங்கள். எத்தனை பங்கு பழைய இலை, எத்தனை மொட்டை, எத்தனை தளிர் என்று எழுதுங்கள். ‘பழசு 2, மொட்டை 1, தளிர் 1’ என்ற மூன்று எண் ஒரு பத்தி வருணனையைவிட உதவும். பூவுக்கும் காய்க்கும் ‘இல்லை, கொஞ்சம், நிறைய’ போதும். மாதம் இருமுறை ஒரு படம், அதே இடத்திலிருந்து, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்போது எடுங்கள். எதிர்வெயிலில் எடுத்தால் தளிரும் பழைய இலையும் ஒரே கறுப்பாகத் தெரியும்.

வரிசையைச் சொல்லிவிடலாம். தையில் வாதா இலைகள் சிவந்து விழத் தொடங்கும். அதே காலத்தில் மாமரம் பூவெடுத்து நிற்கும். மாம்பூ நேரத்தில் பனிமூட்டம் நீடித்தால் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் சேர்ந்து பூவைக் கருக்கிவிடும். கொத்துகள் கருகியிருந்தால் அதையும் எழுதுங்கள், மாவடு வரும் அளவு அதில்தான் இருக்கிறது. முள்ளிலவும் கல்யாண முருங்கையும் இலையைக் கொட்டிவிட்டு வெறுங்கிளையில் சிவப்பாகப் பூக்கும். மைனா, காகம், கரிச்சான், தேன்சிட்டு எல்லாம் ஒரே கிளையில் கூடும் நேரம் அது. மரத்துக்குக் கீழே பத்து நிமிடம் நில்லுங்கள், இந்த நடையில் வேறெங்கும் அவ்வளவு பறவை கிடைக்காது. மாசியில் பலாசு. புரசு என்றும் அதற்குப் பெயர், புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த மரம்.

மாசியிலிருந்து பங்குனிக்குள் வேம்பும் புங்கும் அரசும் இலை உதிர்த்துத் தளிர்க்கும். வடகிழக்கு மழையின் ஈரம் மண்ணில் குறைந்து காற்று உலரும்போது பழைய இலையைக் கழற்றிவிட்டு, கோடை மழைக்கு முன்பே புதிய இலை விடுவது இந்த மரங்களின் பழக்கம். தளிர் செம்பு நிறமாக இருப்பது பச்சையம் இன்னும் நிரம்பாததாலும், சிவப்பு நிறமி முந்திக்கொள்வதாலும். அரசந்தளிர் துவண்டு தொங்கும். அது எழுந்து விறைத்துப் பச்சையாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். புங்கு வேறு மாதிரி. அதன் இளம்பச்சை ஒரே வாரத்தில் மரம் முழுக்க ஏறிவிடும், ஒரு நடை தவறினால் மொட்டையிலிருந்து முழுப்பச்சைக்குத் தாவியது போலத் தோன்றும். மார்ச்சில் புங்கை மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாருங்கள். அதன் பூ சித்திரையில்தான், பொரி இறைத்தது போல நடைபாதையில் கிடக்கும்.

இலுப்பை இருக்கும் ஊர்க்காரர்கள் பங்குனியில் விடியுமுன் போக வேண்டும். சதைப்பற்றுள்ள பூக்கள் இரவில் விழுகின்றன. வெயில் ஏறினால் எறும்பும் ஆடும் தீர்த்துவிடும். ஒன்றை வாயில் போட்டால் ‘ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்று ஏன் சொன்னார்கள் என்பது நாக்குக்குத் தெரியும். மேலே பழந்தின்னி வௌவால்களின் சண்டையும் கேட்கும்.

இங்கே தவறாகப் போவது மூன்று. மின்கம்பிக்காகக் கிளை வெட்டப்பட்ட மரம் பருவத்தை மீறித் தளிர்க்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். வெட்டிய தேதியை மட்டும் எழுதிவிட்டு வேறு மரத்துக்கு மாறுங்கள். தண்ணீர்க் குழாய் கசியும் இடத்து மரமும் தெருவிளக்கை ஒட்டிய கிளையும் மற்றவற்றிலிருந்து விலகி நடக்கலாம், தனியே குறியுங்கள். வாதா ஆண்டில் இரண்டு முறைகூட இலை கொட்டும். ஜூலையில் சிவந்தால் பதற வேண்டாம்.

வருவதும் போவதும்: பறவைகள்

பாதையில் மூன்று இடங்களில் ஐந்தைந்து நிமிடம் அசையாமல் நின்று கேளுங்கள். முதல் நிமிடத்தை விட்டுவிடுங்கள், நீங்கள் வந்த சந்தடி அடங்க அவ்வளவு நேரம் வேண்டும்.

குயில் எங்கும் போய்விட்டு வருவதில்லை. மார்கழியிலும் தையிலும் நம் தெருவிலேயே பழம் தின்றுகொண்டு பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. மாசியில் ஆண் குயில் தொடங்கும்போது இரண்டு மூன்று கூவலோடு உடைந்துவிடும். ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிட உயர்ந்து ஏழெட்டு வரை ஏறும் முழு வரிசை அதற்குப் பிறகுதான் வரும். முதல் உடைந்த கூவல், முதல் முழு வரிசை என்று இரண்டு தேதிகளை எழுதுங்கள். புள்ளி போட்ட பெண் குயில் ‘கிக் கிக் கிக்’ என்று கத்தும், அதை வேறு பறவை என்று நினைப்பவர் பலர். காகம் குச்சியும் கம்பித்துண்டும் அலகில் கொண்டு போவதைப் பார்த்தால் இரண்டையும் சேர்த்து வாசியுங்கள், குயிலுக்குக் கூடு கட்டித் தருவது அதுதான்.

செம்மார்புக் குக்குறுவானின் ‘டுக் டுக் டுக்’, கன்னான் பாத்திரம் தட்டுவது போல, வெயில் கூடக் கூட நீளும். ஒரு தொடரில் எத்தனை தட்டு என்று எண்ணலாம். தலையைத் திருப்பித் திருப்பிக் கத்துவதால் ஒலி இடம் மாறுவது போலத் தோன்றும், பறவை ஒன்றுதான். பட்டுப்போன கிளையின் அடிப்பக்கத்தில் வட்டத் துளை புதிதாகத் தெரிந்தால் அது அதன் கூடு.

போகும் பறவைகளைக் குறிப்பதுதான் கடினம். பழுப்புக் கீச்சான் குளிர்காலம் முழுக்க ஒரே வேலிக்கம்பத்தில் உட்கார்ந்து கரகரப்பாகக் கத்தும். தகைவிலான்கள் மாசி, பங்குனியில் மின்கம்பியில் வரிசையாகக் கூடும். வாலாட்டிகள் குளக்கரையில் ஓடும், மஞ்சள் வாலாட்டி கிளம்புமுன் நன்றாக மஞ்சள் ஏறிவிடும். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் ஆறுமணிக் குருவி என்று பெயர் பெற்ற தோட்டக்கள்ளன், புதர் மண்டிய தோட்டங்களில் ஏப்ரல் வரை கேட்கும். இவை எல்லாம் ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. கடைசி நாள் அதுதான் என்று அன்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு நடையிலும் இவற்றின் பெயருக்கு எதிரே ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று எழுதியே ஆக வேண்டும். ‘இல்லை’ எழுதாத நோட்டில் ஒரு பறவை போனதா, நீங்கள் கவனிக்கவில்லையா என்பது தெரியாது. மூன்று நடை தொடர்ந்து ‘இல்லை’ வந்தால் பின்னே திரும்பிக் கடைசி ‘உண்டு’க்கு வட்டம் போடுங்கள். முழு நோட்டிலும் மதிப்பு மிகுந்த தேதிகள் அவையே.

இருக்கும் பறவைகளும் உடை மாற்றும். தையில் மங்கலாக, மார்பில் ஒரு கருங்கோடு மட்டும் தெரிந்த ஊதாத் தேன்சிட்டு ஆண், மாசிக்குள் முழுக்க மினுங்கும் கருநீலமாகியிருக்கும். உண்ணிக்கொக்கின் தலையிலும் கழுத்திலும் காவி ஏறும், மடையானின் முதுகு கருஞ்சிவப்பாகும்.

உங்கள் குறிப்பு பிறருக்கும் உதவ வேண்டுமானால் பறவைக் குறிப்பை ஈபேர்டு (eBird) தளத்திலும், மரக்குறிப்பை சீசன்வாட்ச் (SeasonWatch) தளத்திலும் ஏற்றலாம். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் நான்கு நாள் உலகளாவிய கணக்கெடுப்பும் நடக்கின்றன. தனியாகத் தொடங்கத் தயங்குகிறவர்களுக்கு அவை நல்ல வாசல்.

குளம், கடல், நிலா

மயிலாப்பூரிலும் மதுரையிலும் தைப்பூசத்தில் தெப்பம் விடுவது குளம் நிறைந்திருக்கும் காலத்தில்தான். அந்த நாளில் தண்ணீருக்கு மேல் தெரியும் படிகளை எண்ணி வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மறுபடி எண்ணுங்கள். மாசி முடிவில் இறக்கம் வேகம் பிடிக்கும். லாரியிலோ குழாயிலோ தண்ணீர் விடும் குளங்களில் இந்தக் கணக்கு செல்லாது. ஏரியில் நீர் வற்றிச் சேறு தெரியும்போது, அதில் இரை தேடும் உள்ளான் பறவைகள் இறங்கும். உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பில் சாலையோரத்திலிருந்தே இதைப் பார்க்கலாம்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது பங்குனி ஆமையின் பருவம். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி மணலில் நூறு முட்டை அளவில் இட்டுச் செல்லும், 45 நாளுக்கு மேல் கழித்துக் குஞ்சு வெளிவரும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவு நடை நடத்தி முட்டைகளைக் காத்துவருகிறார்கள். அவர்களோடு போவதே முறை. தனியே போய் டார்ச் அடித்தால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

மாலை நடைகளில் ஒன்றை முழுநிலா நாளுக்கு வையுங்கள். தையில் நிலா பூசத்தோடும், மாசியில் மகத்தோடும், பங்குனியில் உத்திரத்தோடும் நிற்கும், விழாக்களின் பெயரே வானத்தின் குறிப்பு. சூரியன் மறையும் நேரத்தில் எதிர்ப்பக்கம் நிலா எழும் இடம் மாதா மாதம் தெற்கு நோக்கி நகர்வதையும் பாருங்கள். சூரியன் போகும் திசைக்கு நேர் எதிர்.

உச்சிநிழல்

வெயில் ஏறிய பிறகு செய்ய ஒரே வேலைதான் இருக்கிறது, அதற்கு மாடி போதும். ஒரு மீட்டர் பிவிசி குழாயை, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்து பார்த்து, சமதளத்தில் நிறுத்துங்கள். ஞாயிறுதோறும் உச்சிப்பொழுதில் நிழலின் நுனியை அளந்து எழுதுங்கள். பிப்ரவரி முழுக்க 12.22ஐ ஒட்டி, மார்ச் நடுவில் 12.18, ஏப்ரல் நடுவில் 12.09. சென்னையில் பொங்கலன்று நிழல் 68 சென்டிமீட்டர் இருக்கும், பிப்ரவரி நடுவில் 49, மார்ச் 20இல் 23, சித்திரைப் பிறப்பன்று ஆறோ ஏழோ. குழாய் ஒரு பாகை சாய்ந்தாலும் நிழலில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் பிழை வரும். தையில் அது பெரிதாகத் தெரியாது, சித்திரையில் நிழலில் கால் பங்கே அதுதான். அதனால் ஏப்ரலில் ஒவ்வொரு முறையும் நூலைத் தொங்கவிட்டுச் சரிபாருங்கள்.

கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், கோவையில் 19ஐ ஒட்டியும், சென்னையில் 24ஐ ஒட்டியும் அந்த நிழல் குழாயின் அடிக்குள் போய்விடும். சென்னைக்காரர்கள் அன்று பகல் 12 மணிக்கே மாடியேறி, 12.07க்குக் குழாயைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, நோட்டில் நிழலுக்கு நேரே 0 என்று எழுதலாம்.